காலையில் மட்டும் இறுகிய ஸ்டீயரிங் லாக்: வேலூரில் ஒரு காரின் நிகழ்வு ஆய்வு

வண்டியும் பின்னணியும்

காட்பாடி காந்தி நகரில் ஒரு குடும்பம் பதினோரு ஆண்டுகளாக ஓட்டிவந்த பெட்ரோல் ஹேட்ச்பேக். கையால் கியர் மாற்றும் வண்டி. பவர் ஸ்டீயரிங் மோட்டார், ஸ்டீயரிங் தண்டைச் சுற்றியுள்ள குழாயான ஸ்டீயரிங் காலத்திலேயே (column) பொருத்தப்பட்டிருக்கும் வகை. ஓடியது சுமார் 92,000 கிலோமீட்டர். வீட்டில் இருவர் ஓட்டுகிறார்கள்: ஓய்வுபெற்ற உரிமையாளர், அவருடைய மகள். வண்டி நிற்பது வாசலில் வேப்பமரத்தடியில். மேலே ஷெட் கிடையாது. கோடையில் புழுதி, மார்கழியில் பனி, இரண்டும் நேராக வண்டிமேல்தான்.

வாங்கியபோது இரண்டு சாவிகள் கொடுத்தார்கள். ஒன்று அன்றாடம் புழங்கியது. இன்னொன்று பதினோரு ஆண்டும் பீரோவில் கிடந்தது. புழங்கிய சாவியோடு கேட் சாவி, வீட்டுச் சாவி, மாடிக் கதவுச் சாவி, ஒரு பித்தளை டாலர் என்று ஒரு கொத்தே தொங்கியது. வண்டி குலுங்கும்போதெல்லாம் அந்தப் பாரம், சாவி செருகும் உருளையான பேரலில் ஊசலாடும். லாக் தேய்வதற்குப் பொதுவான முதல் காரணம் இதுதான், ஆனால் யாரும் சந்தேகப்படாத காரணமும் இதுதான்.

முதல் அறிகுறிகள்

ஒரு சித்திரை மாதத்தில் சாவி லேசாக இறுகியது. வீட்டில் யாரோ சாவித் துவாரத்தில் சில சொட்டுத் தேங்காய் எண்ணெய் விட்டார்கள். உடனே வழுக்கிக்கொண்டு திரும்பியது. கோடை முழுக்கத் தொந்தரவே இல்லை.

மார்கழி பிறந்ததும் தொல்லை திரும்பி வந்தது. காலை ஆறரைக்கு வண்டி எடுக்கப் போனால் சாவி திரும்பாது. நாலைந்து முறை ஆட்டி, உருவி, மறுபடி செருக வேண்டும். பத்து, பதினொரு மணிக்கு எடுத்தால் எந்தச் சிக்கலும் இல்லை. ‘குளிருக்கு இறுகுது’ என்று வீட்டில் முடிவு செய்தார்கள்.

அது பாதி சரி. தேங்காய் எண்ணெய் ஏறத்தாழ 24 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போனால் உறையத் தொடங்கும். மார்கழி, தை மாதங்களில் வேலூரின் விடியற்காலை 20 டிகிரியை ஒட்டியோ அதற்கும் கீழேயோதான் இருக்கும். பேரலுக்குள் இருப்பவை ஒரு மில்லிமீட்டர் கனம்கூட இல்லாத பித்தளைத் தகடுகள். ஒவ்வொன்றையும் தள்ளுவது முடி போன்ற ஒரு ஸ்பிரிங். அதைச் சுற்றி எண்ணெய் உறைந்தால் தகடு தன் இடத்துக்கு ஏறாது, சாவியும் திரும்பாது. வெயில் ஏறி எண்ணெய் இளகினால் ஏறிவிடும். ஆக, காலைத் தொல்லைக்குக் காரணம் உறைந்த எண்ணெய். அந்த விளக்கம் பொருந்திப்போனதால், அதற்குப் பின்னால் இருந்த தேய்மானத்தை யாரும் தேடவில்லை.

இடையில் கடைவீதியில் ஒரு டூப்ளிகேட் சாவி வெட்டிக்கொண்டார்கள். வெட்டியவர் அச்சாக வைத்தது புழங்கித் தேய்ந்த சாவியை. தேய்ந்த பல்லைப் பார்த்து வெட்டினால் அந்தத் தேய்மானம் அப்படியே புதுச் சாவியிலும் வரும். வெட்டும் இயந்திரத்தின் பிசகும் அதோடு சேரும். அந்தச் சாவி முதல் நாளிலிருந்தே பழையதைவிட மோசமாக மாட்டியது.

மகள் இன்னொன்றையும் கவனித்திருந்தார். முன்பெல்லாம் இன்ஜினை அணைத்துச் சாவியை எடுக்க, ஏசிசி நிலையில் (இன்ஜின் அணைந்து, ரேடியோ போன்றவை மட்டும் ஓடும் நிலை) அதைச் சற்று உள்ளே அமுக்கித் திருப்ப வேண்டும். கொஞ்ச காலமாக அமுக்கத் தேவையில்லை, தானாகவே லாக் நிலைக்குப் போய்விடுகிறது. வண்டி பழகிவிட்டது என்று நினைத்துக்கொண்டார். இந்த நிகழ்வில் மிக ஆபத்தான அறிகுறி இதுதான்.

உள்ளே என்ன இருக்கிறது

சாவி செருகும் பேரல் ஒரு வார்ப்பு உலோகக் கூட்டுக்குள் இருக்கிறது. அந்தக் கூடு ஸ்டீயரிங் காலத்தைக் கிளாம்ப் போலக் கவ்வியிருக்கும். அதற்குள் ஸ்பிரிங் வைத்த ஒரு தடித்த எஃகு லாக் பின் உண்டு. சாவியை உருவி ஸ்டீயரிங்கைத் திருப்பினால், தண்டைச் சுற்றியுள்ள வளையத்தின் காடியில் ‘டக்’ என்று இது விழும். சாவியை ஏசிசிக்குத் திருப்பும்போது பேரலின் வால்பகுதியில் உள்ள கேம் (ஒரு பக்கம் புடைத்த சுழலும் பாகம்) அதைப் பின்னால் இழுக்கும்.

ஓடும்போது லாக் விழாமலிருக்க இரண்டு தடுப்புகள் உண்டு. அமுக்கினால்தான் ஏசிசியிலிருந்து லாக்குக்குப் போக முடியும் என்பது ஒன்று. சாவி உள்ளே இருக்கும் வரை ஒரு சிறு நெம்பு லாக் பின்னைப் பின்னாலேயே பிடித்து வைக்கும் என்பது இன்னொன்று. சாவியை லாக் நிலையில் மட்டுமே உருவ முடிய வேண்டும் என்ற ஏற்பாடு இந்த இரண்டாவதற்குத் துணை.

பேரலின் பின்முனையில் இருக்கும் பிளாஸ்டிக் பெட்டிதான் இக்னிஷன் சுவிட்ச். அது தனிப் பாகம். ‘சாவி திரும்பவில்லை’ என்பதையும் ‘சாவி திரும்பியும் ஸ்டார்ட் ஆகவில்லை’ என்பதையும் ஒன்றாகக் குழப்பி இந்த சுவிட்சை வீணாக மாற்றிய வண்டிகள் நிறைய.

சத்துவாச்சாரியில் வண்டி நின்ற நாள்

தை மாதம், பிற்பகல் இரண்டரை மணி. சத்துவாச்சாரியில் மலையடிவாரம் நோக்கி ஏறும் ஒரு தெரு. உறவினர் வீட்டு வாசலில், வண்டியின் முகம் இறக்கத்தைப் பார்க்க நிறுத்தியிருந்தார்கள். இறக்கத்தில் செய்ய வேண்டியபடி முன்சக்கரத்தை இடப்பக்கம் திருப்பி நடைபாதைக் கல்லில் சாய்த்திருந்தார்கள். திரும்பி வந்து பார்த்தால் சாவி திரும்பவில்லை. நல்ல வெயில், எனவே குளிர் என்ற விளக்கம் இங்கே எடுபடவில்லை.

தெருவில் நின்ற ஒருவர் உதவ வந்து கட்டிங் பிளேயரால் சாவியின் தலையைப் பிடித்துத் திருகினார். சாவி லேசாக முறுக்கியது. உரிமையாளர் அதோடு நிறுத்தச் சொல்லி மெக்கானிக்கை அழைத்தார். சாவி உள்ளே முறிந்திருந்தால் வேலை இரட்டிப்பாகியிருக்கும். வேறு சாவிக்கு இன்ஜின் கிளம்பாமல் தடுக்கும் இம்மொபிலைசரின் சிப் சாவியின் தலையில்தான் இருக்கிறது. தலை நசுங்கினால் அதுவும் போய்விடும்.

மெக்கானிக் போனில் முதலில் கேட்டது ஸ்டீயரிங்கின் அசைவைத்தான். லாக் விழுந்த நிலையிலும் நல்ல ஸ்டீயரிங் இரு பக்கமும் விரலளவு ஆடும். ஒரு பக்கம் துளியும் ஆடாவிட்டால், லாக் பின் காடியின் சுவரில் பாரத்தோடு அழுந்தியிருக்கிறது என்று பொருள். இந்த வண்டியில் ஸ்டீயரிங் ஒரு பக்கம் கல்லாக நின்றது. கல்லில் சாய்ந்த டயர் முறுக்கேறி, அந்த முறுக்கு தண்டு வழியாக லாக் பின்னை நெரித்துக்கொண்டிருந்தது.

அழுந்தும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கமாக ஸ்டீயரிங்கை ஒரு கையால் தள்ளிப் பிடித்து, அதே நேரத்தில் மற்றக் கையால் சாவியை மெதுவாகத் திருப்புவதுதான் முதல் வழி. பெரும்பாலும் அதுவே போதும். இங்கே டயரின் முறுக்கு கைக்கு மிஞ்சியதாக இருந்தது.

அடுத்த வழி ஜாக்கி. இறக்கத்தில் இதைச் செய்ய முறை உண்டு. முன்சக்கரத்தால் இழுபடும் வண்டியில் ஒரு முன்சக்கரம் தரையை விட்டு எழும்பினால், முதல் கியர் வண்டியைப் பிடித்து நிறுத்தாது. இரு சக்கரங்களுக்கும் விசையைப் பங்கிடும் டிஃபரென்ஷியல் வழியாக, தூக்கிய சக்கரம் சும்மா சுழன்றுகொள்ளும். அதனால் ஹேண்ட் பிரேக்கை முழுதாக இழுத்து, பின்சக்கரங்கள் இரண்டுக்கும் இறக்கப் பக்கத்தில் கல் கொடுத்துவிட்டு, இடப்பக்க ஜாக்கி இடத்தில் தூக்கினார்கள். டயர் தரையை விடும் கணத்தில் முறுக்கு அவிழ்ந்து, ஸ்டீயரிங் ஒரு சிறு துள்ளலோடு தளர்ந்தது. அதற்குள் மருமகன் காந்தி நகரிலிருந்து பைக்கில் பீரோச் சாவியைக் கொண்டுவந்திருந்தார். அந்தச் சாவிக்கு பேரல் முதல் தடவையிலேயே திரும்பியது. முறுக்கிய சாவி அதன் பிறகும் தயங்கியது.

ஓட்டிப் போவதா, ஏற்றிப் போவதா

இன்ஜின் ஓடியது, ஸ்டீயரிங் திரும்பியது. கிரீன் சர்க்கிள், பாலாற்றுப் பாலம், விருதம்பட்டு வழியாக வீட்டுக்கே ஓட்டிப் போய்விடலாம் என்று உரிமையாளர் நினைத்தார். மெக்கானிக் போனிலேயே ஒரு சோதனை சொன்னார்: “ஐயா, வண்டிய நிறுத்திட்டு, சாவிய உள்ள அமுக்காமலே பின்னாடி திருப்பிப் பாருங்க. லாக் வரைக்கும் போகுதான்னு சொல்லுங்க.”

போனது. ஏசிசி நிலையிலேயே சாவி கையோடு வரவும் செய்தது. தேயாத பீரோச் சாவிக்கும் இதே கதை. முதல் தடுப்பு முழுதாகப் போய்விட்டது, இரண்டாவதை நம்ப முடியாது. உரிமையாளருக்குச் சிக்னலில் இன்ஜினை அணைக்கும் பழக்கம் வேறு உண்டு. அந்தப் பழக்கத்தில், வண்டி முழுதாக நிற்குமுன் சாவி லாக் வரை வழுக்கிப்போனால், பவர் ஸ்டீயரிங் உதவி உடனே போகும். மிதியை இலகுவாக்கும் பிரேக் பூஸ்டரில் இரண்டு மூன்று மிதிக்கு மேல் வேக்குவம் இருக்காது. ஸ்டீயரிங்கே பூட்டிக்கொள்ளவும் கூடும்.

அதனால் வண்டியைத் தட்டையான ரெக்கவரி லாரியில் ஏற்றினார்கள். இன்சூரன்ஸோடு இருந்த சாலையோர உதவியில் அது கிடைத்தது. ஸ்டீயரிங் திறந்த நிலையில் இருந்ததால் சக்கரத்தை நேராக்கி ஏற்ற முடிந்தது. பூட்டிய நிலையில் சக்கரம் கோணலாக நின்றிருந்தால் முன்சக்கரங்களுக்கு அடியில் உருளைத் தட்டு வைத்துத்தான் இழுக்க வேண்டியிருக்கும். அதை அழைக்கும்போதே சொல்லிவிட வேண்டும். லாரி வந்த பிறகு சொன்னால் இன்னொரு லாரிக்குக் காத்திருக்க வேண்டும்.

பட்டறையில் பார்த்தது

ஸ்டீயரிங் காலத்தின் கீழ் மூடியை மூன்று ஸ்குரூ கழற்றி எடுத்தார்கள். பேரலின் வாயைச் சுற்றிக் கருஞ்சாம்பல் நிறக் குழம்பு. இக்னிஷன் சுவிட்சை மல்டிமீட்டரால் ஒவ்வொரு நிலையிலும் பார்த்தார்கள். தொடர்பு சுத்தமாக இருந்தது, மாற்ற வேண்டியதில்லை. இம்மொபிலைசரின் ஆன்டெனா வளையமும் சரி. பீரோச் சாவியைப் பல முறை போட்டு எடுத்துப் பார்த்ததில், அமுக்காமல் லாக்குக்கு விடாத ‘அமுக்குப் படி’ ஒரு தடவைகூட வேலை செய்யவில்லை. ஏசிசியில் ஸ்டீயரிங்கை மெதுவாகத் திருப்பும்போது சில கோணங்களில் உரசல் சத்தம் வந்தது. லாக் பின் முழுதாகப் பின்னுக்குப் போகவில்லை.

பழுது ஒன்றல்ல, நான்கு என்பது இப்போது தெளிவானது: தேய்ந்த சாவி, எண்ணெயும் புழுதியும் அடைத்த தகடுகள், தேய்ந்த அமுக்குப் படி, முழுதாகப் பின்வாங்காத லாக் பின். முதல் இரண்டும் தொல்லை மட்டுமே தருபவை. பின்னிரண்டும் உயிருக்கு ஆபத்தானவை.

எதை மாற்றுவது என்ற முடிவு

கழுவி, புதுச் சாவி வெட்டிக் கொடுப்பதுதான் மலிவு. அதைச் செய்திருந்தால் சாவி அழகாகத் திரும்பியிருக்கும். பின்னிரண்டு பழுதும் அப்படியே இருந்திருக்கும், அதுவும் இறுக்கம் என்ற எச்சரிக்கைகூட இல்லாமல். ஆக, இதுவே மோசமான வழி. பேரலை மட்டும் மாற்றினாலும் கூட்டுக்குள் இருக்கும் லாக் பின் பழையதுதான்.

‘லாக் பின்னையே எடுத்துடலாம் சார், தொல்லை விட்டுது’ என்பது பட்டறைகளில் அடிக்கடி கேட்கும் யோசனை. இங்கே மறுத்தார்கள். பின்னை எடுத்தபின் அதன் ஸ்பிரிங்கும் நெம்பும் கூட்டுக்குள் தளர்ந்து கிடக்கும். தண்டின் காடியில் சிக்கினால் எதற்குப் பயந்தோமோ அதுவே நடக்கும். திருட்டு போனால், வண்டியோடு வந்த தடுப்பை ஏன் எடுத்தீர்கள் என்ற கேள்வி இன்சூரன்ஸ் கிளெய்மில் வரலாம்.

சென்னை புதுப்பேட்டையில் பழைய செட் கிடைக்குமே என்ற பேச்சும் எழுந்தது. கதவுக்கும் பானெட்டுக்கும் அது சரி. லாக் விஷயத்தில், அதே வயதுள்ள இன்னொரு தேய்ந்த லாக்கை, சாவி எண்ணும் வந்த வழியும் தெரியாமல் வாங்குவதில் பொருளில்லை.

முழு லாக் செட் மாற்றுவது என்று முடிவானது. ஆர்சியில் உள்ள சேசிஸ் எண்ணைக் கொண்டு ஆர்டர் செய்தார்கள்: கூடு, பேரல், முறுக்கி முடித்ததும் தலை ஒடிந்துவிடும் போல்ட் இரண்டு. சாவி விஷயத்தில் ஒரு வசதி இருந்தது. வண்டி வாங்கியபோது கொடுத்த சாவி எண் தகடு பத்திரமாக இருந்தது. கதவுகளை ரிமோட்டாலேயே திறந்துவந்ததால் கதவுப் பேரல்கள் தேயவில்லை. எனவே புதுப் பேரலின் தகடுகளைப் பழைய எண்ணுக்கு ஏற்ப மாற்றி அடுக்கி, அதே எண்ணுக்குப் புதுச் சாவிகள் வெட்டினார்கள். கதவுக்கும் இக்னிஷனுக்கும் ஒரே சாவி என்பது இப்படி நிலைத்தது.

கழற்றிய விதம்

பேட்டரியின் நெகட்டிவ்வைக் கழற்றிவிட்டுக் காத்திருந்தார்கள். ஏர்பேக் வண்டியில் குறைந்தது 3 நிமிடம். வண்டியின் கையேடு கூடுதல் நேரம் சொன்னால் அதுவே கணக்கு. சக்கரங்கள் நேராக இருந்தன.

பேரலை மட்டும் உருவ வேண்டுமானால் சாவி ஏசிசிக்குத் திரும்பியாக வேண்டும். அந்த நிலையில்தான் கூட்டின் சிறு ஓட்டை வழியாகக் குச்சிவிட்டு அதைப் பிடித்திருக்கும் கொண்டியை அமுக்க முடியும். சாவியே திரும்பாத வண்டியில் துளைபோடுவதைத் தவிர வழியில்லை. காலையில் மட்டும்தானே இறுகுகிறது என்று விட்டுவைக்கக் கூடாது என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

கிளாம்ப்பைப் பிடிக்கும் போல்ட்டுகள், திருடன் கழற்ற முடியாதபடி தலை இல்லாதவை. முறுக்கும்போதே தலை ஒடிந்துவிடும். உளி வைத்துத் தட்டிச் சுழற்றுவது வழக்கம். இந்த வண்டியில் முறுக்குவிசையை அளக்கும் பவர் ஸ்டீயரிங்கின் டார்க் சென்சார் அதே ஸ்டீயரிங் காலத்துக்குள் இருக்கிறது, சுத்தியல் அதிர்ச்சி அதற்கு ஆகாது. எனவே சென்டர் பஞ்சால் நடுவில் மெல்லக் குறியிட்டு, இடச்சுற்று டிரில் பிட்டால் துளைத்தார்கள். ஒன்று பிட்டோடு தானே சுழன்று வெளியே வந்தது. மற்றொன்றுக்கு, துளைக்குள் கவ்வி போல்ட்டைச் சுழற்றி எடுக்கும் எக்ஸ்ட்ராக்டர் தேவைப்பட்டது. இரும்புத்தூள் சுவிட்சிலும் ஒயரிங்கிலும் விழாமல் சுற்றிலும் ஈரத்துணி கட்டியிருந்தார்கள்.

புதிய கூட்டைப் பொருத்தி, போல்ட்டுகளை லேசாக மட்டும் முறுக்கினார்கள். தலையை ஒடிப்பதற்கு முன் எல்லாச் சோதனையும் முடிந்திருக்க வேண்டும், ஒடித்தபின் தவறு தெரிந்தால் மறுபடி டிரில்தான். சாவி லாக்கில் மட்டும் வெளியே வருகிறதா, அமுக்காமல் லாக்குக்குப் போகாமல் நிற்கிறதா, ஸ்டார்ட் நிலையிலிருந்து தானே ஆன் நிலைக்குத் திரும்புகிறதா, இடமும் வலமும் லாக் விழுகிறதா, ஏசிசியில் ஸ்டீயரிங் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை உரசலின்றித் திரும்புகிறதா என்று பார்த்தார்கள். பிறகே இரண்டு போல்ட்டையும் மாறிமாறி முறுக்கித் தலையை ஒடித்தார்கள். கடைசியாக, வண்டியின் கணினியோடு இணைக்கும் ஸ்கேனரில் புதுச் சாவிகளின் சிப்பைப் பதிந்து, முறுக்கிய சாவியின் பதிவை நீக்கினார்கள்.

பழைய லாக்குக்குள்

பழைய பேரலை ஒரு வெள்ளைத் தாளின்மேல் பிரித்தார்கள். தகடுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு ஒரே கட்டாக வந்தன; காறல் எண்ணெய் வாடை. துடைத்துப் பார்த்தால் இரண்டு தகடுகளின் விளிம்பு மழுங்கியிருந்தது, ஒரு ஸ்பிரிங் முறிந்திருந்தது. அமுக்குப் படியைப் பிடிக்க வேண்டிய விளிம்பு, வெட்டுப்போல இருப்பதற்குப் பதில் சரிவாகத் தேய்ந்திருந்தது. லாக் பின்னின் முனை ஒரு பக்கம் பிசிறுவிட்டுப் பிதுங்கியிருந்தது. பாரத்தோடு நெரிபட்டபோதெல்லாம் வலுவாகத் திருப்பியதன் தடம் அது. பின் முழுதாகப் பின்வாங்காததற்கு அந்தப் பிசிறுதான் காரணம்.

பிறகு நடந்தது

அடுத்த மார்கழியிலும் வண்டி அதே வேப்பமரத்தடியில்தான் நின்றது. விடியற்காலையில் சாவி இறுகவில்லை. கொத்து கழற்றப்பட்டு, வண்டிச் சாவி தனியாகிவிட்டது. ஒவ்வொரு சர்வீஸிலும் அமுக்குப் படியைச் சோதிக்கும்படி உரிமையாளர் ஜாப் கார்டில் எழுதிவைக்கிறார்.

மாற வேண்டியவை

லாக்கில் எந்தச் சமையல் எண்ணெயும் கூடாது. வறண்ட பிடிஎஃப்இ (டெஃப்லான்) ஸ்பிரே ஒரு சிறு பீச்சு, அல்லது சாவியில் தடவிய சிட்டிகை கிராஃபைட் தூள் போதும். ஏற்கெனவே எண்ணெய் விட்ட லாக்கில் கிராஃபைட் போட்டால் அது குழம்பாகத்தான் ஆகும். முதலில் எண்ணெயை, மின்தொடர்புகளைச் சுத்தம் செய்யும் ஸ்பிரேயான கான்டாக்ட் கிளீனரால் கழுவ வேண்டும். கிராஃபைட் மின்சாரத்தைக் கடத்தும் என்பதால் அதிகம் போட்டுப் பின்னாலுள்ள சுவிட்சுக்குள் கொட்டவும் கூடாது.

சாவி இறுகினால் முதல் சோதனை புழங்காத மூலச் சாவிதான். அது நன்றாகத் திரும்பினால் இறுக்கத்துக்குச் சாவியும் காரணம்; ஆனால் இந்த வண்டியைப் போல லாக்கும் தேய்ந்திருக்கலாம், அமுக்குப் படியையும் சோதிக்க வேண்டும். அதுவும் இறுகினால் லாக்கில். டூப்ளிகேட் வேண்டுமானால் சாவி எண்ணைக் கொடுத்து வெட்ட வேண்டும். ஆர்சியும் அடையாள அட்டையும் கேட்காமல் வெட்டிக் கொடுக்கும் கடை வசதியாகத் தெரியும். அதே வசதி மற்றவர்களுக்கும் உண்டு.

இறக்கத்தில் சக்கரத்தைக் கல்லில் சாய்ப்பதை விட வேண்டியதில்லை. சாய்த்தபின், சாவியை உருவுவதற்கு முன் ஸ்டீயரிங்கைச் சற்றே திருப்பி டயரின் முறுக்கைத் தளர்த்திவிட வேண்டும்.

பட்டன் ஸ்டார்ட் வண்டிகள் பலவற்றில் லாக் பின்னை ஒரு சிறு மோட்டார் இழுக்கிறது. அங்கே இறுக்கம் சாவியில் தெரியாது; ஸ்டீயரிங் லாக் எச்சரிக்கை விளக்கு எரியும், இன்ஜின் கிளம்பாது. டயர் முறுக்கைத் தளர்த்துவது அங்கேயும் முதல் வைத்தியம், பேட்டரி வோல்டேஜைப் பார்ப்பது இரண்டாவது. அந்த மோட்டார் யூனிட்டை மாற்றினால், ஸ்கேனரில் பதிவு செய்யாமல் வண்டி கிளம்பாது. கழற்றுவதற்கு முன்பே அந்த வசதியுள்ள பட்டறையா என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.